தேத்தாங்கொட்டை இழைத்த தண்ணீர்

கெட்டிருக்க வேண்டும், நன்றாகக் கெட்டிருக்க வேண்டும், ஒரு சொட்டு நல்லதுகூட அதில் மிச்சம் இருக்கக் கூடாது என்று அம்சவேணி மாரியாத்தாவிடம் வேண்டிக்கொண்டிருந்தாள். இப்படி ஒரு வேண்டுதலை மாரியாத்தா தன் சர்வீஸில் கேட்டிருக்க மாட்டாள். ஊரில் எல்லாரும் கிணறு ஊற வேண்டும், தண்ணீர் இனிக்க வேண்டும் என்று மாவிளக்கு எடுப்பார்கள். இவள் ஒருத்திதான் டவுனில் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தின் மாடி நடையில், இரும்பு பெஞ்சில் உட்கார்ந்து, சொந்த வீட்டுக் கிணறு விஷமாக இருக்க வேண்டும் என்று கண்ணை மூடிக் கும்பிடுகிறாள். மணி பதினொன்றே முக்கால். மூன்று மணிக்கு யூனியன் ஆபீஸ் மண்டபத்தில் கூட்டம். இங்கிருந்து பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். பன்னிரண்டுக்குள் ரிப்போர்ட் கைக்கு வந்துவிட்டால் பன்னிரண்டே காலுக்குப் புறப்படும் பஸ்ஸைப் பிடிக்கலாம், வந்துவிடும், வராமல் எங்கே போகும், எட்டு நாள் என்றார்கள், இன்றைக்கு ஒன்பதாவது நாள். வலது கால் தன்னால் ஆடிக்கொண்டிருந்தது. ஆடுகிற காலில் மூதேவி ஏறும் என்பார்கள், ஏறினால் ஏறட்டும், இன்றைக்கு அவளுக்கும் ஒரு சீட்டு போட்டு மண்டபத்துக்குக் கூட்டிக்கொண்டு போகலாம் என்று நினைத்ததும் சிரிப்பு வந்துவிட்டது. எதிரே ஃபைலோடு போன ஒரு ஆள் திரும்பிப் பார்த்தான். பார்க்கட்டும். கல்யாணத்தன்றைக்குக்கூட அவளுக்கு இப்படி ஒரு பரபரப்பு இல்லை. அன்றைக்குப் பசி மட்டும்தான் இருந்தது.

எல்லாம் குப்பைத் திட்டத்துக்கு வந்த அதிகாரி கேட்ட ஒரு கேள்வியால் வந்தது. போன மாதக் கூட்டத்தில் மேடையில் நின்று, திட்டத்தைப் படம் போட்டுக் காட்டினார். இப்போது ஒரு ஊர்க் குப்பை வருகிறதாம், இனிமேல் சுற்றுப்பட்டு ஐந்து ஊர்க் குப்பையும் ஒரே இடத்துக்கு வருமாம், வந்தால் எல்லாம் ஒழுங்காகுமாம். ஒழுங்கு என்ற வார்த்தையை அவர் சொன்ன அழகே அழகு. அந்த ஒரே இடம் எது என்றால் அம்சவேணி வீட்டுக் கொல்லைக்குப் பின்னால், கை நீட்டினால் தொடுகிற மதிலுக்கு அந்தப் பக்கம் பதினெட்டு வருஷமாக இருக்கிற குப்பைக் கிடங்கு. தெருவே எழுந்து நின்று கத்தியது. நாறுதுங்க, ஈ மொய்க்குதுங்க, மழை பேஞ்சா கருப்பா ஓடி வருதுங்க. அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, "எல்லாரும் பொதுவாச் சொல்றீங்க. தண்ணி கெட்டுப்போச்சுன்னு ஆதாரம் இருக்காம்மா? பேப்பர் இருக்கா?" என்றார். மண்டபம் கப்பென்று அடங்கிவிட்டது. பதினெட்டு வருஷத்து நாற்றத்தை யார் பேப்பரில் எழுதி வைத்திருக்கிறார்கள்? அந்த அமைதியில் ஒரு குரல் மட்டும், "கொண்டாந்து தாரனுங்க" என்றது. யாரடா அந்த அதிகப்பிரசங்கி என்று எல்லாரையும் போல அவளும் திரும்பப் போனாள். தன் குரல்தான். வீட்டுக்காரன் மயில்சாமி தறிக்குடோனில் இருந்து வந்து இதைக் கேட்டுவிட்டு, "உன்ற வாய்க்கு இனி மைக்கு ஒண்ணுதான் பாக்கி" என்றான். ஆனாலும் அன்றிலிருந்து தெருவில் பதினான்கு வீட்டுக்காரர்களும் அவளைப் பார்க்கிற பார்வை மாறிப்போயிற்று. இஸ்திரி போடுகிற கிழவர்கூட "பேப்பர் வந்துச்சா அம்முணி" என்று எழுந்து நின்று கேட்கிறார். அதில் கொஞ்சம் குளிர்ந்துபோனது உண்மைதான், அதை யாரிடமும் சொல்ல மாட்டாள்.

மூன்று மணிக்கு மேடைக்குப் போய் என்ன பேசுவது? முதலில் வணக்கம் சொல்ல வேண்டும். பிறகு பேப்பரை நீட்ட வேண்டும், அதிகம் பேசக் கூடாது, பேப்பர் பேசட்டும். இல்லை, கொஞ்சம் பேசலாம். முன்பு ஒரு வருஷம் கிடங்கு பற்றி எரிந்தபோது ஒன்பது நாள் புகையில் இருந்ததைச் சொல்லலாம், பகல் பன்னிரண்டு மணிக்கு லைட் போட்டுச் சோறு ஆக்கியதை, வெள்ளாடு இரண்டு வாயில் நுரை தள்ளி விழுந்ததை. ஐப்பசி மழையில் மதிலுக்கு அடியில் கசிந்து வருமே, கருப்பட்டிப் பாகு மாதிரி மினுமினுவென்று, அதைச் சொல்லலாம். அது நேராகக் கிணற்றுப் பக்கம்தான் ஓடும், வழியில் இருந்த தென்னை குருத்தோடு கருகியது. துவைத்த வெள்ளைச் சட்டை ஆறு மாதத்தில் மஞ்சளாகிவிடும், பள்ளிக்கூடத்தில் மகள் வர்ஷிதாவை டீச்சர் எழுப்பி நிறுத்தி உங்கம்மா துவைக்கவே மாட்டாளா என்று கேட்டிருக்கிறாள். அந்த டீச்சரையும் இன்றைக்கு மண்டபத்துக்கு வரச் சொல்லியிருக்கலாம். பிள்ளைக்குக் காலில் அரிப்பு, சொரிந்து சொரிந்து தடித்துப்போயிருக்கிறது, மஞ்சள் பூசினாலும் அடங்குவதில்லை. அடிக்கடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்துவிடுவாள், ஒன்பது வயதுக்கு ஏழு வயது உடம்புதான், ஆனால் அது மயில்சாமி வம்சம், அவர்கள் வீட்டில் எல்லாரும் குச்சிதான். அது கிடக்கட்டும், இப்போது அது எதற்கு? வணக்கம். அப்புறம் பேப்பர். மண்டபத்து மைக் சில நேரம் கீச்சென்று கத்தும், அப்போது பயந்து பின்வாங்கக் கூடாது. புடவை இதுவே போதுமா, ஊதா நிறம் போட்டோவில் கறுப்பாக விழுமே, பேப்பர்க்காரர்கள் வருவார்கள் என்று சுலோச்சனா சொன்னாளே.

நினைத்த மாத்திரத்தில் போன் அடித்தது. பக்கத்து வீட்டு சுலோச்சனாவேதான். அவளுக்கு போன் ஒரு அலங்காரம், குரல் நேராகவே வந்துவிடும். "அம்சா, வந்துருச்சா?" "இல்லீங்க்கா, இன்னும் கூப்பிடலை." "கேளு கண்ணு, எந்திரிச்சுப் போயிக் கேளு. இங்க எல்லாரும் உன்ற வீட்டு வாசல்லதான் உக்காந்திருக்கறோம். வண்டி ரெண்டு சொல்லியாச்சு, மண்டபத்துக்கு." "வர்ஷி சாப்பிட்டாளாக்கா?" "அதெல்லாம் சாப்பிட்டுட்டா, பரீட்சை முடிஞ்சு வந்ததுல இருந்து எங்கம்மா மேடைல பேசப்போறா, எங்கம்மா மேடைல பேசப்போறான்னு ஒரே ஆட்டம். அம்சா, நல்லபடியா வந்துருமல்ல?" நல்லபடியாக என்றால் கெட்டபடியாக. இரண்டு பேருக்கும் அது புரிந்து, இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே போனை வைத்தபோது அம்சவேணிக்குத் தொண்டை வறண்டிருந்தது. நடையின் மூலையில் தண்ணீர் கேன் கவிழ்த்து வைத்திருந்தார்கள்.

ஒரு டம்ளர் பிடித்துக் குடித்தாள். இது ஒரு தண்ணீரா, நாக்குக்கு ஒன்றுமே தெரியவில்லை, வாயைத் திறந்து காற்றைக் குடித்தது போல இருக்கிறது. டவுன்காரர்களுக்கு விதித்தது இவ்வளவுதான். இவர்கள் எல்லாம் ஒரு நாள் அவள் வீட்டுப் பானைத் தண்ணீர் குடித்துப் பார்க்க வேண்டும். ஆற்றுத் தண்ணீர் குழாயில் பன்னிரண்டு நாளைக்கு ஒரு முறை வருகிறது, பிடித்து வைத்தது ஐந்து நாளில் தீர்ந்துபோகும், மிச்ச ஏழு நாளைக்குக் கிணறுதான். கிணற்றுத் தண்ணீர் மேலே வரும்போது பழுப்பாக, லேசாக எண்ணெய் மிதக்க, ஒரு வாடையோடு வரும். அதை அப்படியேவா குடிப்பார்கள்? அம்சவேணி அதை ஒரு கொதி கொதிக்க வைப்பாள், நன்றாகச் சுண்டக் கொதிக்க வைப்பாள், ஆறியதும் மண்பானையில் ஊற்றி, தேத்தாங்கொட்டையைப் பானையின் உள்பக்கத்தில் வைத்து வட்ட வட்டமாக இழைப்பாள். காலையில் பார்த்தால் கலங்கல் எல்லாம் அடியில் உட்கார்ந்து, மேலே தண்ணீர் கண்ணாடியாக நிற்கும், பானையின் அடித்தழும்புகூடத் தெரியும். கொட்டை இழைக்கவும் ஒரு கைராசி வேண்டும். தெருவில் மற்றவர்களும் இழைத்துப் பார்த்தார்கள், இந்தத் தெளிவு யாருக்கும் வரவில்லை. அதனால் ஆறாம் நாளில் இருந்து பதினான்கு வீட்டுக் குடமும் அவள் வாசலுக்குத்தான் வரும், அவளும் முகம் சுளிக்காமல் மூன்று பானை வைத்து மொண்டு ஊற்றுவாள். ஒரு வீட்டில் பிள்ளை பெற்றால்கூட, பச்சை உடம்புக்காரிக்கு அம்சா பானைத் தண்ணி கொண்டா என்பார்கள். அந்தப் பேரைக் கேட்கும்போது மனசுக்குள் ஒரு இனிப்பு. தண்ணீர் ஊற்றுகிற கையைப் பாவம் அண்டாது. விருந்தாளி வந்தாலும் வழிப்போக்கன் வந்தாலும் அந்தப் பானையில் இருந்துதான் மொண்டு கொடுப்பாள், வெளியாளுக்குக் கலங்கலைக் கொடுப்பதாவது. அந்தப் பானையில் இருந்துதான். பானையில் இருந்து.

டம்ளர் கையிலேயே நின்றுவிட்டது. அன்றைக்குப் பரிசோதனைக்குக் கொண்டுவந்த கேனில் எந்தத் தண்ணீரை ஊற்றினாள்? புதன்கிழமை. காலையில் கரண்ட் இல்லை, மாதாந்திரப் பராமரிப்பு என்று ஆறு மணிக்கே நிறுத்திவிட்டார்கள். மோட்டாரை ஐந்து நிமிஷம் ஓடவிட்டு, கேனை அதே தண்ணீரில் மூன்று முறை அலசி, அப்புறம் நேராகக் குழாயில் இருந்து பிடிக்க வேண்டும் என்று இங்கே உள்ள மேடம் துண்டுச் சீட்டில் எழுதியே கொடுத்திருந்தார். ஏழு இருபது பஸ் தெரு முனையில் ஹாரன் அடித்தது. மூன்று முறை அலசினாள், அது நன்றாக ஞாபகம் இருக்கிறது, சுத்தமாக, பெரிய படிப்புப் படித்தவள் மாதிரி ஒன்று இரண்டு மூன்று என்று எண்ணி அலசினாள். எதால் அலசினாள்? பானைத் தண்ணீரால். எதை ஊற்றினாள்? ஆபீஸ்காரர்கள் கையில் கொடுக்கப்போவதாயிற்றே என்று அடி கலங்காமல் மேலாக, பதனமாக, புதுச் சொம்பில் மொண்டு ஊற்றினாள். இங்கே வந்து கொடுத்தபோது மேடம், "நேரா மோட்டார்ல பிடிச்சதுதானேம்மா" என்று கேட்டதற்கு மூச்சிரைக்க ஆமாங்க என்று தலையாட்டியதும் அவள்தான். அடிப்பாவி. திருடனைப் பிடித்துத் தரச் சொன்னால் குளிப்பாட்டி, திருநீறு பூசி, பட்டு வேட்டி கட்டிக் கோர்ட்டில் நிறுத்தியிருக்கிறாயேடி. இனி எந்த ஜட்ஜ் நம்புவான்?

எழுந்தாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள். உள்ளே போய்ச் சொல்லிவிடலாமா? சொன்னால் திரும்பக் கொண்டு வா, இன்னும் எட்டு நாள் என்பார்கள், கூட்டம் இன்றைக்கு மூன்று மணிக்கு. சொல்லாமல் இருந்தால்? கொட்டை அழுக்கை எல்லாம் இழுத்து அடியில் உட்கார வைத்திருந்தால் பேப்பரில் நல்ல தண்ணீர் என்று வரும். அதை அந்த அதிகாரி மைக்கில் படிப்பார். கேட்டுக்கோங்கம்மா, அருமையான தண்ணி என்று சிரிப்பார், அப்புறம் ஐந்து ஊர் லாரியும் வரிசை கட்டி வரும், அவள் வீட்டுக் கொல்லைக்குப் பின்னால் இன்னொரு மலை ஏறும், பதினான்கு வீடும் அவள் முகத்தில் காறித் துப்பும். துப்ப வேண்டியதுதான். கொட்டைக்கு அவ்வளவு சக்தி இருக்குமா? இருக்கும், கண்ணால் பார்த்திருக்கிறாளே, சேறு மாதிரி வந்ததைப் பன்னீர் ஆக்கியிருக்கிறதே. இருக்காது, ஒரு கொட்டை, ஒரு கொட்டைதானே, பதினெட்டு வருஷக் குப்பையை ஒரு கொட்டை என்ன செய்துவிடும்? அப்படிச் சொல்லாதே, சின்னக் கொட்டைதான், கடுகு சிறுத்தாலும் காரம் போகுமா? போக வேண்டும், மாரியாத்தா, இன்றைக்கு ஒரு நாள் போக வேண்டும். கொதித்த கொதியெல்லாம் வீணாகப் போகட்டும், என் கைராசி பொய்யாகப் போகட்டும், இழைத்தது இழைக்காதது போல ஆகட்டும், உள்ளே இருக்கிறது உள்ளபடி இருக்கட்டும். அவள் உதடு அசைந்தது. நெஞ்சு தறி ஓடுவது போல் அடித்தது, அதுகூட ஒரு மாதிரி நன்றாகத்தான் இருந்தது, இத்தனை வயதில் ஒரு விஷயத்துக்காக இவ்வளவு துடித்ததே இல்லை. பன்னிரண்டு அடிக்க நான்கு நிமிஷம்.

"அம்சவேணி யாரு?" உள்ளே போனது எப்படி என்று தெரியவில்லை, மேஜைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். கண்ணாடி போட்ட அதே மேடம், சீல் வைத்த இரண்டு தாள். அச்சடித்த கட்டங்களில் இங்கிலீஷும் எண்ணும் எறும்பு ஊர்வது போல ஓடின. "என்னங்க மேடம் வந்திருக்குது?" மேடம் பேனாவால் ஒவ்வொரு கட்டமாகத் தொட்டார். "உப்பு அதிகம். நைட்ரேட் இருக்க வேண்டிய அளவுக்கு அஞ்சு மடங்கு. ஈயம் ஒம்பது மடங்கு. இது குடிக்கவே லாயக்கில்லாத தண்ணிம்மா. கீழ எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கேன்." ஒன்பது மடங்கு! அம்சவேணி கத்தியே விட்டாள். ஒன்பது மடங்கு, ஆத்தா, கேட்டதற்கு மேலே அள்ளிக் கொடுத்துவிட்டாயே! அங்கேயே நின்று போனைப் போட்டாள். "அக்கா, வந்துருச்சுக்கா! மோசம்! படு மோசம்! ஈயம் ஒம்பது மடங்கு!" அந்தப் பக்கம் தெருவே கூவியது, யாரோ தட்டைத் தட்டினார்கள், சுலோச்சனா குலவை போட்டாள், "அம்சா, நீதான்டி ஆம்பளை!" என்றது இந்த அறையில் இருந்த எல்லாருக்கும் கேட்டது. மேடத்துக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் அம்சவேணிக்கு ஒளிக்க வேண்டிய பயமெல்லாம் போய்விட்டது. போனைக் காதில் இருந்து எடுத்து, அணைக்காமலே கையில் பிடித்துக்கொண்டு, குழந்தை மாதிரி குதித்தபடி சொன்னாள். "ஏனுங் மேடம், உங்ககிட்டச் சொன்னா என்ன. அன்னிக்குக் கரண்ட் இல்லீங்க. மோட்டார்ல பிடிக்கலை. கொதிக்க வெச்சு, தேத்தாங்கொட்டை இழைச்ச பானைத் தண்ணிதானுங்க குடுத்தேன். எல்லாம் போயிருச்சோன்னு பயந்தே போயிட்டனுங்க. ஒண்ணுமே போகலை பாருங்க!"

மேடத்தின் சிரிப்பு நின்றுவிட்டது. தாளைத் திரும்ப வாங்கி ஒரு முறை பார்த்தார். "கொட்டை போட்டாக் கண்ணுக்குத் தெரியற கலங்கல்தாம்மா அடியில போகும். தண்ணில கரைஞ்சு கிடக்கறது எங்கயும் போகாது. சுண்டக் கொதிக்க வெச்சா இன்னும் கூடத்தான் செய்யும்." அப்புறம் குரலைத் தணித்துக்கொண்டு, "கொட்டை எதுக்கு இழைச்சீங்க? அதை யாரும் குடிக்கறது இல்லையே?" என்றார். அம்சவேணி பதில் சொல்ல வாயைத் திறந்தாள். எத்தனை வருஷம் என்று ஒரு கணக்கு தொண்டைக்கு வந்தது, பிள்ளைக்குப் பால் பவுடர் கலக்கியது, பச்சை உடம்புக்காரிகள், ஆறாம் நாள் குடங்கள், ஏழு வயது உடம்பு. இருக்காது, வேறு எதனாலாவது இருக்கும், இல்லை, இந்தத் தாள்தான், ஒன்பது மடங்கு, ஆத்தா, அதைக் கேட்டு வாங்கியது நான்தானே. கையில் இருந்த போன் இன்னும் பேசிக்கொண்டே இருந்தது. கூச்சலுக்கு நடுவே சுலோச்சனாவின் குரல், இன்னும் பத்து எலுமிச்சம்பழத்தைப் பிழிஞ்சு போடு, சர்க்கரை போதாது, இந்த வெயில்ல வண்டி ஏறப்போறோம், குடிக்காதவங்களும் ஒரு டம்ளர் குடிச்சுட்டுக் கிளம்புங்க. "அக்கா!" என்றாள் அம்சவேணி. கேட்கவில்லை. "அக்கா, வேண்டாங்க்கா, அக்கா!" மேடம் நாற்காலியில் இருந்து எழுந்துவிட்டார். போனில் தடதடவென்று ஓடி வருகிற காலடி கேட்டது, பிறகு மூச்சு வாங்குகிற சத்தம். "அம்மா, நான் வர்ஷி. எல்லாருக்கும் நான்தாம்மா நம்ம பானைல மொண்டு மொண்டு குடுத்தேன், மூணு பானையும் காலி. நான் ரெண்டு டம்ளர் குடிச்சேன். உனக்கு ஒரு சொம்பு மூடி வெச்சிருக்கறேன், வெரசா வாம்மா."